பதல் நடை

எனக்கு ஊசி என்றால் பயம். கந்தோரில் கிளார்க் வேலை பார்த்தவன், கலியாணம் முடித்தவன், இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கல்முனைக்குடியில் வாந்திபேதி பரவிய வருடம், ஒருவர் தப்பாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்து தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. ஊசி போட்டவர்களுக்குப் பெயர் எழுதிய ஒரு கடதாசித் துண்டு தருவார்கள். துண்டு இல்லாதவனைக் கந்தோருக்குள் விடமாட்டார்கள். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பின்னேரம் மச்சான் வந்தார். என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், புருஷன். சட்டைப் பையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றில் அவருடைய பெயர் இருந்தது, மற்றதில் என்னுடைய பெயர்.

"என்ட துண்ட எப்பிடி மச்சான் எடுத்தீங்க?"

"ரெண்டு தரம் வரிசையில நிண்டன். முதல்ல இந்தக் கை. அடுத்த தரம் மத்தக் கையக் காட்டி உன்ட பேரச் சொன்னன். குத்தி உட்டான்."

அன்றிரவே அவருக்குக் காய்ச்சல் பிடித்துவிட்டது. மறுநாளும் விடவில்லை, அதற்கு மறுநாளும் விடவில்லை. குற்ற உணர்ச்சியோடு பார்க்கப் போனேன். போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "என்ட காய்ச்சல் நேத்தோட உட்டுட்டுடா. இண்டைக்குக் காயிறது உன்ட காய்ச்சல்" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. விளையாட்டுக்குச் சொல்கிறாரா உண்மையாகவே சொல்கிறாரா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. அந்த வருடம் எனக்கு வாந்திபேதி வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மச்சான் வட்டைவிதானையாக இருந்தார். ஒரு வட்டைக்குள், அதாவது ஒரு வயல்வெளிக்குள், வயல் செய்கிறவர்கள் எல்லோரும் கூடித் தெரிவு செய்கிற ஆள் அது. வாய்க்காலில் வரும் தண்ணீரை முறை வைத்து ஒவ்வொரு வயலுக்கும் விடுவது, கட்டாக்காலி மாட்டைப் பிடித்துக் கட்டுவது, வரம்புச் சண்டையை விலக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. தண்ணீர் முறை வந்தால் வயல்காரன்தான் மண்வெட்டியோடு வந்து வரம்பில் தண்ணீர் விடுகிற வக்கடையைத் திறக்க வேண்டும். விதானை பார்த்துக்கொண்டு நின்றால் போதும். மச்சானுக்கு அந்தப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலைதான் வராது. வயல்காரன் வந்து சேர்வதற்குள் இவரே வக்கடையை வெட்டிவிடுவார். கொஞ்சக் காலத்தில் வயல்காரர்கள் வருவதையே விட்டுவிட்டார்கள். நற்பிட்டிமுனைப் பக்கம் வரைக்கும் கிடந்த அந்த வட்டை முழுவதும் இவர் ஒற்றை ஆளாக வரம்பு வரம்பாக நடந்து திரிந்தார்.

"என்ன மச்சான், ஊரான் வயலுக்கெல்லாம் நீங்களே தண்ணி கட்டுறீங்க?"

"அவன் பாவம்டா. இடுப்பு வலியாம்."

ஊரில் எல்லாருக்கும் ஏதாவது ஒரு பாவம் இருந்தது. மச்சானுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

இதை வாசித்துவிட்டு அவரை ஒரு மகான் என்று நினைத்துவிடக் கூடாது. கூட இருக்கிறவனுக்கு எரிச்சல் வரும். எனக்குக் கலியாணம் பேசி வந்தபோது, மாப்பிள்ளைக்குச் சம்மதமா என்று பெண்வீட்டார் என்னைப் பார்த்துக் கேட்டார்கள். "ஓம், நல்ல சம்மதம்" என்று மச்சான் சொன்னார். எனக்கும் சம்மதம்தான். இருந்தாலும் அதை நான் சொல்லியிருக்கலாம்.

எல்லாவற்றையும் மிஞ்சியது அந்த மாட்டு வழக்கு. மச்சான் காக்கா என்று கூப்பிடுகிற மூத்தவர் ஒருவருடைய மாடு வயலுக்குள் இறங்கி மேய்ந்துவிட்டது. பிடித்துக் கட்டி முறைப்பாடு கொடுத்தது மச்சான்தான். வழக்கு நாளன்று மாட்டுக்காரர் வரவில்லை, வயிற்றோட்டம். கோட்டில் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். மூன்றாம் முறை கூப்பிட்டும் ஆள் இல்லையென்றால் பிடியாணை போட்டுவிடுவார்கள் என்று பக்கத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மச்சான் எழும்பி, "ஓம் ஐயா" என்று சொல்லிக்கொண்டு கூண்டில் ஏறிவிட்டார். குற்றவாளியா சுத்தவாளியா என்று கேட்டார்கள். "குற்றவாளி" என்றார். தண்டம் விதித்தார்கள். பிறகு முறைப்பாட்டுக்காரர் எங்கே என்று கேட்டபோது, அதுவும் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தவரை ஒரு வக்கீல் சாரத்தைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாராம்.

மாட்டுக்காரர் சுகமானதும் நேரே வீட்டுக்கு வந்தார். நன்றி சொல்ல அல்ல.

"நான் சுத்தவாளி எண்டு சொல்றத்துக்கு வக்கீல் எல்லாம் புடிச்சி வெச்சிருந்தன். உங்கள ஆரு குற்றவாளி எண்டு சொல்லச் சொன்ன?"

"மாடு என்ட கண்ணுக்கு முன்னால திண்டுச்சி காக்கா. உங்களுக்காகக் கூண்டுல ஏறலாம். உங்களுக்காகப் பொய் சொல்ல ஏலுமா?" என்றார் மச்சான்.

ஊரிலேயே தன் வேலையைத் தானே செய்ய வேண்டும் என்று அவரோடு மல்லுக்கு நின்ற ஒரே ஆள் என் ராத்தாதான். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். அப்படி ராத்தாவின் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மச்சான் கிணற்றில் தண்ணீர் அள்ளினார், அரிசி களைந்தார், தேங்காய் துருவினார். ராத்தா துருவலைக் கதிரையைப் பிடுங்குவாள். "எனக்குப் பதிலா மூச்சையும் நீங்களே இழுத்துராதீங்க" என்பாள். அவர்களுக்குப் பிள்ளைகள் கிடைக்கவில்லை. இன்னொரு கலியாணம் முடித்தால் என்ன என்று ஒரு சொந்தக்காரர் வந்து மச்சானுக்குப் புத்தி சொன்னார். "எனக்குப் பதிலா நீங்க முடிச்சிக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தன் வேலையை அவர் இன்னொருவருக்குக் கொடுத்ததை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ராத்தாவுக்கு அந்த வருத்தம் வந்தது. ஊரில் அதைப் பேர் சொல்லிச் சொல்லமாட்டார்கள், "அந்த வருத்தம்" என்றுதான் சொல்வார்கள். மார்பில் கட்டி. அவள் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்து, காட்டும்போது தாமதமாகிவிட்டது. கொழும்பில் வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகு மாதம் ஒரு முறை மட்டக்களப்பில் ஒரு கிளினிக்குக்குப் போய் ஊசி மருந்து ஏற்ற வேண்டும். யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா ஒருவர் அதற்கென்று கொழும்பிலிருந்து வருவார். துண்டு எழுதுவது, இங்கிலீசு வாசிப்பது போன்ற வேலைகளுக்காக நானும் கூடப் போவேன். ஊசி ஏற்றும்போது வெளியே வந்து நின்றுகொள்வேன்.

வீட்டுக்கு நோய் விசாரிக்க வருகிறவர்கள் ராத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்பிடிம்மா இரிக்கி?" என்று கேட்பார்கள். "அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம்" என்று மச்சான் சொல்வார். கிளினிக்கிலும் அப்படியே.

"சாப்பிடுறனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

"நல்லாத் திங்கிற" என்றார் மச்சான்.

"நித்திரை வருதோ?"

"நல்ல நித்திரை."

"நான் அவவைக் கேட்டனான்."

"அதத்தான் நானும் சொல்றன்" என்றார் மச்சான்.

டொக்டர் பேனையை மூடி வைத்தார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு சாமானை எடுத்தார். பொக்கெட்டில் வைக்கிற கடிகாரம் அளவில் வட்டமாக இருந்தது. பின்பக்கத்தில் இடுப்பில் மாட்டுகிற கொழுவி, முன்பக்கத்தில் கண்ணாடிக்குள் ஒரு முள். வெளிநாட்டில் படித்துவிட்டு வரும்போது கொண்டுவந்ததாம்.

"இதை இடுப்பில கொழுவிக்கொண்டு நடந்தா எவ்வளவு நடந்தனீங்கள் எண்டு முள்ளுக் காட்டும். காலமை எழும்பினவுடன கொழுவுங்கோ, படுக்கப் போகேக்க கழட்டுங்கோ. குசினிக்குப் போனாலும் சரி, கிணத்தடிக்குப் போனாலும் சரி, எல்லாத்தையும் இது கூட்டிக்கொண்டே போகும். அடுத்த மாதம் நான் பாப்பன். நல்லா நடந்திருந்தா உடம்பு மருந்தைத் தாங்குது எண்டு அர்த்தம். அப்பிடியெண்டா மருந்தை அதே அளவில, இல்லாட்டிக் கொஞ்சம் கூட்டி ஏத்தலாம். நடக்கேல்லை எண்டா குறைப்பன். சிலவேளை கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வைப்பன்." பிறகு மச்சானைப் பார்த்தார். "ஆக்களைக் கேட்டாச் சுகம் எண்டுதான் சொல்லுவினம். இதுக்கு வாய் இல்லை. இதுக்காக நீங்களும் கதைக்க ஏலாது."

பஸ்ஸில் திரும்பி வரும்போது மச்சான் அந்தச் சாமானைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"நிப்பாட்டுறது எண்டா என்னடா?"

"கொஞ்ச நாளைக்கு மருந்து ஏத்தமாட்டாங்க மச்சான். உடம்பு தேற உட்டு, பிறகு ஏத்துவாங்க."

"கதிர் வாற நேரம் தண்ணிய நிப்பாட்டிட்டுப் பிறகு தாறன் எண்டு சொல்லு பாப்பம்" என்றார்.

ராத்தா சேலைக்கு மேலே அதைக் கொழுவிக்கொண்டு நடந்து பார்த்தாள். படுக்கையிலிருந்து குசினிக்குப் போனாள், கிணற்றடிக்குப் போகப் பார்த்துப் பாதியில் திரும்பினாள். பின்னேரம் மச்சான் கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பார். முள் நின்ற இடத்திலேயே நின்றது. சில நாளில் அவள் பகல் முழுவதும் சுருண்டு படுத்துவிடத் தொடங்கினாள். மச்சான் சாமானைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். "எனக்குத் தந்தத நீங்க கொழுவிக்கிட்டு எங்க போறீங்க?" என்று அவள் கேட்டாளாம். "உனக்காகத்தான்" என்றாராம். அவள் சிரித்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எத்தனையோ வருடமாகக் கேட்டுப் பழகிய பதில்தானே அது.

இது ஒன்றும் அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் டொக்டர் முள்ளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு மருந்தைக் கொஞ்சம் கூட்டி ஏற்றினார். ராத்தாவுக்கு நாங்கள் நினைத்ததைவிடத் தெம்பு இருக்கிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன். அந்த மாதம் அவளுக்குத் தண்ணீரும் வயிற்றில் தங்கவில்லை. தலைமுடி தலையணையில் கிடந்தது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தாலும் ஆடியது.

மச்சானுக்குப் பாதத்தில் ஏதோ வருத்தம் என்று ஊரில் ஒரு கதை அடிபட்டது. பின்னேரம் அசர் தொழுதுவிட்டுக் கடற்கரை வீதியால் சின்னப்பிள்ளை நடக்கிற மாதிரி அடிமேல் அடி வைத்துப் போகிறாராம், பொழுதுபட்டு மஹ்ரிபுக்குத்தான் திரும்பி வருகிறாராம். மறுநாள் கிளினிக். எத்தனை மணி பஸ்ஸுக்குப் போவது என்று கேட்க ஆளைத் தேடிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனேன். கதை உண்மைதான். அந்தப் பெரிய உடம்பு, மண்வெட்டி பிடித்த தோள், அந்த ஆள் கால்களை ஒட்டி ஒட்டி வைத்து மெல்ல மெல்ல நடந்து வந்தார். இடுப்பில் கட்டிய பச்சைப் பட்டியில் அந்தச் சாமான் தொங்கியது.

"மச்சான், அது ராத்தாக்குத் தந்ததெல்லா?"

"ஓம். அவளுக்காகத்தான் நடக்கன்."

"அவளுக்காக நீங்க நடந்தா?"

அவர் நின்றார். நின்றதும் சாமானைக் கையால் பொத்திக்கொண்டார், சும்மா ஆடி முள் ஓடிவிடக் கூடாது என்று. பிறகு எனக்கு விளக்கினார். ஹஜ்ஜுக்குப் போக உடம்பு இடம் கொடுக்காத ஒருவருக்காக இன்னொருவர் போய் அதை நிறைவேற்றிவிட்டு வரலாம். அதை பதல் ஹஜ் என்போம். அந்த வருடம் ஹஜ் மாதத்துக்கு முன்னால் மௌலவி பள்ளிவாசலில் பயான் செய்தபோது, அங்கே கல்லெறிய ஏலாதவர்களுக்காக மற்றவர்கள் கல்லெறியலாம் என்றும் சொல்லியிருக்கிறார். மச்சான் முன்வரிசையில் இருந்து கேட்டிருக்கிறார்.

"கல்லெறியிறத்துக்கு பதல் இரிக்கிடா. நடைக்கு இல்லாமலா போகும்? சும்மா கொழுவல்ல. என்ட பொண்டாட்டிக்காக நடக்கன் எண்டு மனசில நிய்யத்து வெச்சித்தான் கொழுவிற. வட்டைக்குப் போகக்குள்ள கழட்டி வெச்சிருவன். அங்க நடக்கிறது என்ட நடை, அதச் சேத்தாக் கள்ளம். இது அசருக்குப் பிறகு நடக்கிற நடை மட்டும்தான். அதுவும் அவள் வைக்கிற மாதிரிச் சின்ன அடியாத்தான் வைக்கன். என்ட அடியில நடந்தா முள்ளு கனக்க ஓடிரும்."

மார்க்கத்தை இழுத்துவிட்டால் எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் கதைக்க முடியாது. நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நேரே பள்ளிக்குப் போனேன். மௌலவி ஹவுள் தொட்டியடியில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"நான் கல்லத்தானே சொன்ன? நடையப் பத்தி ஆரு கதைச்ச?"

"அவர் அப்பிடி விளங்கிக்கிட்டாரு மௌலவி."

"ஹஜ்ஜுக்கு இரிக்கி. தொழுகைக்கு இல்ல. சோத்துக்கும் மருந்துக்கும் இல்லவே இல்ல. ஒராள் திண்டா மத்தாள்ட வயிறு நெறயுமா?" மற்றக் காலையும் கழுவினார். "அந்த மனிசன்ட நிய்யத்துக்கு அல்லாஹ் கூலி குடுப்பான். டொக்டருக்குத்தான் அது விளங்காது."

மறுநாள் காலை பஸ்ஸில் ராத்தா ஜன்னல் பக்கம் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். நான் முன் சீட்டிலிருந்து திரும்பி, மௌலவி சொன்னதைச் சொன்னேன். மருந்தின் அளவை அந்த முள்ளைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள் என்பதையும் திரும்ப ஒரு முறை சொன்னேன். உடம்பு தாங்காத ஆளுக்குக் கூட்டி ஏற்றினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவில்லை. அது அவர் பக்கத்திலேயே சாய்ந்து கிடந்தது.

"அப்ப நான் நடந்த நடை?" என்று கேட்டார்.

"அது உங்கட நடை மச்சான்."

அவர் பட்டியிலிருந்து சாமானைக் கழற்றினார். கைலேஞ்சிக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். ராத்தாவின் தலை ஜன்னலில் இடிக்காமல் இருக்க இடையில் கையைக் கொடுத்தார். அந்தக் கையை மட்டக்களப்பு வரும் வரைக்கும் எடுக்கவில்லை.

டொக்டர் முள்ளைப் பார்த்தார். பிறகு ராத்தாவைப் பார்த்தார். இரத்தம் சோதித்த துண்டைப் பார்த்தார். திரும்பவும் முள்ளைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. இவவைப் பாத்தாப் பயமாக் கிடக்கு. ஆனா போன மாதத்தைவிடக் கூட நடந்திருக்கிறா. அப்ப உடம்பு தாங்குது எண்டுதான் எடுக்க வேணும்." எழுதுவதற்குப் பேனையை எடுத்தார்.

மச்சான் எழும்பினார். கோட்டில் கூண்டில் ஏறியபோதும் இப்படித்தான் எழும்பியிருப்பார் என்று நினைக்கிறேன்.

"டொக்டர், அது அவள் நடந்ததில்ல. நான் நடந்த."

"என்ன?"

"நான்தான் கொழுவிக்கிட்டு நடந்த. போன மாசமும் நான்தான். முள்ளு ஓடாட்டி மருந்த நிப்பாட்டிருவீங்க எண்டு..."

டொக்டர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பேனையை வைத்துவிட்டு, மிகவும் மெல்லச் சொன்னார்:

"அப்ப நான் உங்கட காலுக்கு அளந்த மருந்தை இவவின்ர கையில ஏத்தியிருக்கிறன்."

அந்த அறையில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. மச்சான் சட்டைக் கையை மடித்தார். முழங்கைக்கு மேலே வரைக்கும் மடித்து, கையை மேசைமேல் நீட்டினார்.

"கூடிப்போனத எனக்குத் தாங்க டொக்டர். எப்பிடியாவது என்ட கையில ஏத்துங்க. நான் தாங்குவன்."

டொக்டர் அவருடைய கையைப் பார்த்தார். நல்ல கறுத்த, நரம்பு புடைத்த கை. டொக்டருக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். அந்த முறை ஊசிக்குப் பயந்து நான் வெளியே போகவில்லை. டொக்டர் கதிரையை நகர்த்திக்கொண்டு ராத்தாவின் பக்கம் வந்தார்.

"அம்மா, நீங்க சொல்லுங்கோ. எப்பிடி இருக்கிறியள்?"

மச்சானுடைய வாய் திறந்தது. திறந்த வாயை அவர் மூடினார். என் வாழ்க்கையில் அதற்கு முன் அதை நான் கண்டதில்லை.

ராத்தா கண்ணைத் திறந்து டொக்டரைப் பார்த்தாள். "எனக்கு ஏலா தங்கச்சி" என்றாள். "கனநாளா ஏலா."

அன்றைக்கு மருந்து ஏற்றவில்லை. அடுத்த மாதமும் ஏற்றவில்லை. அதற்குப் பிறகு, குறைத்து, இடைவெளி விட்டு விட்டு ஏற்றினார்கள். சாமானை டொக்டர் தன் கையாலேயே ராத்தாவின் இடுப்பில் கொழுவிவிட்டார். ஏலுமான அளவு நடக்கட்டும், ஒருவரும் அவளுக்காக நடக்க வேண்டாம், ஒருவரும் அவளைத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். ராத்தா குசினியிலிருந்து வாசல் கடப்படிக்கு நடப்பாள். மச்சான் வளவில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அவள் தடுமாறும்போதெல்லாம் இவருக்கு முகத்தில் வியர்வை அரும்பும். வயலில் ஒரு நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்தாலும் அவ்வளவு களைத்து நான் கண்டதில்லை. "எனக்கு ஒண்டுமில்ல, உங்களப் பாக்கத்தான் பாவமா இரிக்கி" என்பாள் ராத்தா. முள் ஒரு நாளைக்கு ஒரு நெல்லளவு நகரும். பின்னேரம் அவர் கண்ணாடியைத் துடைத்து அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டார் எல்லாருக்கும் காட்டுவார். அந்த வருடம் பெருநாளைக்கு ராத்தா தானே வட்டிலப்பம் செய்தாள். சீனி கூடிவிட்டது. அவர் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் கிடைத்தது. ராத்தா அவ்வளவு கதைத்து, அவ்வளவு சண்டை பிடித்து இருந்த காலம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறகு வருத்தம் முதுகெலும்புக்கு இறங்கியது. டொக்டர் சாமானைத் திருப்பிக் கேட்கவில்லை. நாங்களாகவே கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு வெள்ளிக்கிழமை விடிய, சுபஹுக்குப் பிறகு ராத்தா மௌத்தானாள்.

அசருக்குப் பிறகு அடக்கினோம். கபுருக்குள் இறங்கி அவளைக் கிடத்தியது மச்சானும் நானும்தான். மண் போட்டு முடிந்ததும் லெப்பை தலைமாட்டில் உட்கார்ந்து தல்கீன் ஓதினார். வானவர்களான மலக்குகள் வந்து கேள்வி கேட்பார்கள், உன் இறைவன் யார் என்று கேட்டால் இப்படிச் சொல், உன் மார்க்கம் எது என்று கேட்டால் இப்படிச் சொல் என்று கபுரில் கிடக்கிற மையத்துக்குச் சொல்லிக் கொடுப்பது அது. நான் மச்சானுடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டு, அவள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டு நிற்கிறவரைப் போல நின்றார்.

எல்லாரும் சலாம் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். அடக்கிவிட்டுத் திரும்புகிறவர்களின் காலடிச் சத்தம் மையத்துக்குக் கேட்கும் என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். கடைசி ஆளும் மையவாடிக் கேட்டைத் தாண்டிவிட்டார். மச்சான் அசையவில்லை.

"வாங்க மச்சான். மஹ்ரிபுக்கு வாங்கு சொல்லப் போறாங்க."

அவர் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து மெல்லச் சொன்னார். "நீ போ. நல்லாச் சத்தம் வெச்சி நடந்து போ. நீ போறது அவளுக்குக் கேக்கட்டும்."

"நீங்க?"

"நான் வாறன். என்ட சத்தம் அவளுக்குக் கேக்கக் கூடா. நான் இஞ்சதான் நிக்கிறன் எண்டு நெனச்சிக்கிட்டுக் கிடக்கட்டும்."

நான் செருப்பைத் தேய்த்துச் சத்தம் வைத்துக்கொண்டு கேட் வரைக்கும் நடந்து போய், திரும்பிப் பார்த்தேன். மச்சான் செருப்பிரண்டையும் கழற்றிக் கையில் எடுத்திருந்தார். ஒவ்வொரு காலாகத் தூக்கி, முதலில் விரலை ஊன்றி, பிறகு குதியை மெல்ல இறக்கி, அந்தக் கடற்கரை மணலில் சின்னச் சின்ன அடியாக வைத்து வந்துகொண்டிருந்தார். கேட்டைத் தாண்டியும் செருப்பைப் போடவில்லை. பள்ளித் தெரு வரைக்கும் வெறுங்காலோடுதான் வந்தார்.